40 பிரசவம், 4,600 மணித்தியாலம்

முல்லைத்தீவு நகரிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் வீதியில் சிலாவத்தை, அளம்பில், செம்மலை தாண்டினால் நாயாறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையில் பாலம். இந்தக் கரையில் ஒரு பெண் கருவுற்றால் அவளுடைய பெயரை முதலில் எழுதிக்கொள்வது டொக்டர் அல்ல, குடும்பநல உத்தியோகத்தர். ஊர்ப் பேச்சில் மிட்வைஃப், மூத்தவர்களுக்கு மருத்துவமாது. கர்ப்பவதியின் நிறை பார்ப்பது, திரிபோஷா சத்துமா கிடைத்ததா என்று விசாரிப்பது, பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பின் தொப்புள் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது, தடுப்பூசித் திகதியை நினைவூட்டுவது எல்லாம் அவருடைய வேலை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்று வரை இப்படித்தான் நீண்டு வந்திருக்கிறது. கோவிட்டுக்கு முந்திய ஆண்டுகளில் இலங்கையின் தாய் மரண வீதம் நூறாயிரம் பிறப்புக்கு முப்பதுகளில் நின்றது. அதில் இந்த மாதர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த மருத்துவமாது பெற்ற பயிற்சி 18 மாதம். தாதியர் கல்லூரியிலும் வைத்தியசாலைப் பிரசவ விடுதியிலும் ஒரு பகுதி, களத்தில் ஒரு பகுதி. இலங்கைக்குள் அது போதும். ஆனால் இவர் கணவரோடு சேர்ந்துகொள்ள ஜேர்மனிக்கோ பிரான்சுக்கோ போனால், அங்கே மருத்துவமாதாகப் பதிவு பெற முடியுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005/36 இலக்கப் பணிப்புரை இதற்கு எண்களால் பதில் சொல்கிறது. நேரடியாக மருத்துவமாதுக் கல்வியில் சேர்ந்தவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு முழுநேரப் பயிற்சி வேண்டும். 2013இல் வந்த திருத்தத்தின்படி அது 4,600 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. பயிற்சிக் காலத்தில் 100 கர்ப்பகாலப் பரிசோதனைகள் செய்திருக்க வேண்டும். 40 பிரசவங்களைத் தன் கையால் பார்த்திருக்க வேண்டும். பயிலும் இடத்தில் போதிய பிரசவங்கள் இல்லையென்றால் 40 என்பது 30 ஆகலாம், ஆனால் மேலும் 20 பிரசவங்களில் உதவியிருக்க வேண்டும் என்று ஒரு சலுகையும் அதில் உண்டு. பதினெட்டு மாதக்காரர் இந்த அளவுகோலில் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார். பத்து, பதினைந்து ஆண்டு களத்தில் அலைந்தது அந்தப் பற்றாக்குறையைத் தானாக நிரப்பாது.

இந்தப் பணிப்புரையைப் பற்றி நம்மவரிடையே ஒரு தப்பபிப்பிராயம் உண்டு. 'ஐரோப்பாவில் ஒரு நாட்டில் பதிந்தால் எல்லா நாட்டிலும் செல்லும்' என்பார்கள். அது பாதி உண்மை. வைத்தியர், பொதுப் பராமரிப்புத் தாதி, பல் வைத்தியர், கால்நடை வைத்தியர், மருத்துவமாது, மருந்தாளர், கட்டடக் கலைஞர் ஆகிய ஏழு தொழில்களுக்குத் தன்னியக்க அங்கீகாரம் இருக்கிறது. ஆனால் அது ஐரோப்பாவுக்குள் வழங்கப்பட்ட தகைமைக்கு. பணிப்புரையின் பின்னிணைப்பில் நாடு வாரியாகப் பட்டங்களின் பெயர்ப் பட்டியல் உண்டு. அதில் இருக்கும் பட்டத்தை ஒன்றிய நாட்டுக் குடிமகன் கொண்டுவந்தால் உள்ளடக்கத்தைக் கிளறிப் பார்க்க அதிகாரிக்கு இடமில்லை. நோர்வேயும் ஐஸ்லாந்தும் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தின் வழியாகவும், சுவிஸ் 2002இல் நடைமுறைக்கு வந்த இருதரப்பு ஒப்பந்தத்தின் வழியாகவும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்துள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவப் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. கொழும்பும் பேராதனையும் இல்லை. சென்னையும் இல்லை. ஆகவே பல்கேரியாவிலோ ருமேனியாவிலோ படித்துவிட்டு வரும் இளைஞனுக்கு உள்ள வசதி, யாழ்ப்பாணத்தில் படித்து முல்லைத்தீவில் இருபது வருடம் வேலை செய்த வைத்தியருக்கு இல்லை.

வெளிநாட்டுத் தகைமையை முதன்முதலாக ஏற்பதா மறுப்பதா என்பது அந்தந்த நாட்டின் சொந்த முடிவு. ஆனால் அந்த முடிவுக்கும் பிரசல்ஸ் ஒரு அடிமட்டம் வைத்திருக்கிறது: இந்த ஏழு தொழில்களில் ஒருவரை ஏற்பதானால் குறைந்தபட்சப் பயிற்சி நிபந்தனைகளைத் தளர்த்தக் கூடாது. வைத்தியருக்கு ஐந்து ஆண்டும் 5,500 மணித்தியாலமும். தாதிக்கு மூன்று ஆண்டும் 4,600 மணித்தியாலமும், அதில் பாதியாவது நோயாளியின் கட்டிலருகே. இலங்கை வைத்தியப் பட்டம் ஐந்து ஆண்டுப் படிப்பு, அதன் பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி என்பதால் வைத்தியர்கள் ஆண்டு எண்ணிக்கையில் தப்பிவிடுவார்கள். சிக்கல் பாடவாரியான மணித்தியாலங்களில் வருகிறது.

இதெல்லாம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1848 முதல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலேயும் மருத்துவம் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். அவர்களை எந்த நாட்டின் மருத்துவ சபையும் பதியவில்லை, நோயாளிகள் ஏற்றுக்கொண்டார்கள். 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1880களின் இறுதியிலேயே அதன் உரிமம் பிரித்தானியப் பொது மருத்துவ சபையின் அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டது. ஏகாதிபத்தியம் ஒரே தராதரத்தைப் பேரரசு முழுவதும் பரப்பியதால் கிடைத்த சலுகை அது. பாடத்திட்டம் அவர்களுடையது, பாடநூலும் அவர்களுடையது.

திருப்பம் 1970களில். 1973இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்தது. 1975இல் சமூகம் வைத்தியர்களுக்கான முதல் அங்கீகாரப் பணிப்புரைகளை வெளியிட்டது. அதே 1975இல்தான் பிரித்தானியப் பொது மருத்துவ சபை இந்தியப் பட்டங்களுக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை விலக்கி, வெளிநாட்டு வைத்தியர்களுக்கு ஆங்கிலமும் மருத்துவ அறிவும் சோதிக்கும் பரீட்சையைத் தொடங்கியது. இன்றைய 'பிளாப்' பரீட்சையின் மூதாதை அதுதான். ஒரு கையால் ரோமுக்கும் பாரிசுக்கும் திறந்துவிட்டு, மறு கையால் சென்னைக்கும் கொழும்புக்கும் தாழ்ப்பாள் போட்ட ஆண்டு என்று 1975ஐச் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னும் பிரித்தானியா ஐரோப்பியப் பட்டதாரிகளை 'பிளாப்' இல்லாமல் ஏற்பது தொடர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நாடு ஏற்ற வெளிநாட்டுப் பட்டத்தை இன்னொரு நாடு மதிக்கத்தான் வேண்டுமா? ஐரோப்பிய நீதிமன்றம் இதில் மெதுவாகத்தான் அடி வைத்தது. பெய்ரூட்டில் பல் மருத்துவம் படித்த ஒரு பிரெஞ்சுக் குடிமகனை பெல்ஜியம் ஏற்றது, அயர்லாந்தும் பிரித்தானியாவும் ஏற்றன, சொந்த நாடான பிரான்ஸ் மறுத்தது. 1994 பெப்ரவரி 9ஆம் திகதி, தவில்-அல்பர்த்தினி வழக்கில், பெல்ஜியத்தின் அங்கீகாரம் பிரான்சைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் தீர்த்தது. அதே நாளில் ஹைம் வழக்கில் மற்றொரு தீர்ப்பு. துருக்கியில் படித்து பெல்ஜியத்தில் வேலை செய்த பல் வைத்தியரிடம், காப்புறுதித் திட்டத்தில் சேர மேலும் பயிற்சி கேட்டது ஜேர்மனி. அவருடைய பெல்ஜிய அனுபவத்தைக் கணக்கில் எடுக்காமல் அப்படிக் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். 2000 செப்டெம்பரில் ஹொக்ஸ்மன் வழக்கு. ஆர்ஜென்டீனாவில் அடிப்படைப் பட்டம், பார்சிலோனாவில் சிறுநீரியல் சிறப்புப் பட்டம், பிரான்சில் வைத்தியசாலை வேலை. இம்முறை தீர்ப்பு தெளிவாக வந்தது: பட்டங்கள், சான்றிதழ்கள், அனுபவம் மூன்றையும் ஒன்றாக வைத்துத் தன் நாட்டுத் தராதரத்தோடு ஒப்பிட்டே பிரான்ஸ் முடிவெடுக்க வேண்டும். மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. பட்டம் வெளியே பெற்றது, கடவுச்சீட்டு ஐரோப்பியம். அகதி அட்டையோடு வந்தவருக்கு இந்தப் படி ஏறவே இன்னொரு படி இருந்தது.

பிரசல்ஸ் விதி எழுத, ஜேர்மன் மாநில மருத்துவ அதிகார சபை ஆளைத் தெரிவது நாயாற்றுக்காரருக்குப் புதிதாகத் தோன்றாது. பருவத்துக்குத் தெற்கிலிருந்து வந்து வாடி போடும் மீனவருக்கு அனுமதி கொடுப்பது கடற்றொழில் திணைக்களம். அதன் சுமையைக் கரையில் அனுபவிப்பது உள்ளூர்ச் சங்கம். 2018 ஆகஸ்டில் அந்த இழுபறி நாயாற்றில் தமிழ் மீனவரின் படகுகள் எரியும் அளவுக்குப் போனது. ஒப்பீடு இவ்வளவுதான்: அனுமதி எழுதுமிடமும் அதை மதிக்குமிடமும் ஒன்றல்ல. ஜேர்மனியில் மட்டும் பதினாறு மாநிலங்கள். வைத்தியருக்கான முழு உரிமத்தை மாநில அதிகாரிகளே வழங்குகிறார்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் படித்த இருவர் இரு மாநிலங்களில் விண்ணப்பித்தால் வழியும் காலமும் வேறுபடக் கூடும்.

ஜேர்மன் நடைமுறையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். முதலில் பட்டம் ஜேர்மன் பாடத்திட்டத்தோடு ஒப்பிடப்படுகிறது. 'முக்கிய வேறுபாடு' இருப்பதாகத் தெரிந்தால் அறிவுப் பரீட்சை: உள்ளகமருத்துவமும் அறுவைச் சிகிச்சையும் மையமாக, நோயாளியை நேரில் பரிசோதித்து, பின்னர் வாய்மொழியாக ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ. இருமுறை மீண்டும் தோற்றலாம். இதற்கு முன்னோ பின்னோ மருத்துவ மொழிப் பரீட்சை. அது மூன்று இருபது நிமிடங்கள். முதல் இருபதில் நோயாளியாக நடிப்பவரிடம் வரலாறு கேட்க வேண்டும். அடுத்த இருபதில் அதை எழுத வேண்டும். கடைசி இருபதில் சக வைத்தியரிடம் நோயாளியை ஒப்படைக்க வேண்டும். நெஞ்சுக்குள் 'எரிவு' என்று சொல்லும் கிழவரிடம் அது நெஞ்செரிச்சலா, மாரடைப்பின் தொடக்கமா என்று பிரித்துக் கேட்கத் தெரிகிறதா என்பதையே அது சோதிக்கிறது. இந்தப் பரீட்சையைக் குறை சொல்ல அதிகமில்லை. முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலையில் தமிழ் தெரியாத வைத்தியரிடம் தன் வருத்தத்தைச் சைகையால் விளக்கிய யாருக்கும் இதன் நியாயம் புரியும்.

நியாயமில்லாத பகுதி வேறொன்றாக இருந்தது. 2012 ஏப்ரலில் புதிய அங்கீகாரச் சட்டம் வரும்வரை ஜேர்மனியில் முழு உரிமத்துக்கு அடிப்படை நிபந்தனையே குடியுரிமை. ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர் பெரும்பாலும் காலவரையுள்ள தொழில் அனுமதியோடு ஒதுங்க வேண்டியிருந்தது. இந்த நிபந்தனை யாரை வெளியே நிறுத்தியது என்று அறிய 1984க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் நாயாறு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பலர் திரும்பி வந்தது போர் முடிந்த பிறகுதான். எண்பதுகளில் வடக்கிலிருந்து ஐரோப்பா போன அலையில் இத்தகைய கிராமத்தவரும் தாதியரும் வைத்திய உதவியாளரும் இருந்தார்கள். சுவிஸில் பலர் உணவகச் சமையலறைக்கும் முதியோர் இல்லத்துக்கும் போனார்கள். அங்கே வெளிநாட்டுத் தாதிப் பட்டங்களை ஆராய்வது சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம். குறுகிய பராமரிப்பு உதவியாளர் பயிற்சி நடத்துவதும் அதே சங்கம்தான். பின்னது வேகமானது, சம்பளம் உடனே கிடைக்கும். ஊருக்குக் காசு அனுப்ப வேண்டியவர் எதைத் தெரிவார் என்பதில் புதிர் எதுவுமில்லை.

வன்னியில் இன்னொரு வகையினர் உண்டு, ஐரோப்பியப் படிவத்தில் அவர்களுக்கு ஒரு பெட்டி கூட இல்லை. ஊரார் 'அப்போதிக்கரி' என்றழைத்தவர்களின் வழிவந்த உதவி வைத்தியர்கள், பின்னர் பதிவு பெற்ற வைத்தியர்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, ஆனால் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சிகிச்சை செய்யும் உரிமை உண்டு. போர்க்காலத்தில் எம்பிபிஎஸ் படித்தவர் வரத் தயங்கிய கிராமத்து வைத்தியசாலைகளை இயக்கியவர்கள் பெரும்பாலும் இவர்களே. ஐரோப்பிய அதிகாரிக்கு இவர் வைத்தியருமல்ல, தாதியுமல்ல. ஒப்பிடுவதற்குச் சமமான தொழில் அங்கே இல்லாதபோது ஒப்பீடே தொடங்காது.

2009இன் இறுதிப் போரைப் பேசாமல் இந்த விடயத்தைக் கடக்க முடியாது. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர்களாக இருந்த து. வரதராஜாவும் த. சத்தியமூர்த்தியும் வேறு சில வைத்தியர்களும் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை செல்லடிக்கு உள்ளான பின் புதுமாத்தளனிலும், பிறகு முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக வைத்தியசாலை நடத்தினார்கள். பெப்ரவரியிலிருந்து மே வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஏறத்தாழ 14,000 நோயாளரையும் காயப்பட்டோரையும் உறவினரையும் கடல்வழியே வெளியேற்றியது. மயக்கமருந்தும் இரத்தமும் தட்டுப்பாடான நிலையில் நடந்த அறுவைச் சிகிச்சைகள் எத்தனை என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஐரோப்பிய அதிகாரி கேட்பது மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட, பிரிவு வாரியான, திகதி வாரியான அனுபவச் சான்றிதழ். அந்த மாதங்களுக்கு மேற்பார்வையாளரே கிடையாது.

சரி, சாதாரண காலத்தில் படித்து சாதாரணமாக வேலை செய்தவரின் கோவையாவது எளிதா? பட்டச் சான்றிதழ், பாடவாரி மணித்தியால விவரம், உள்ளகப் பயிற்சிச் சான்றிதழ், இலங்கை மருத்துவ சபைப் பதிவு, அந்தச் சபையிடமிருந்து 'ஒழுக்கக் குறைபாடு இல்லை' என்ற நற்சான்று, பொலிஸ் நற்சான்று, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். ஒவ்வொன்றும் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் வந்த பிறகு கொழும்புப் பயணம் ஓரளவு குறைந்தது. பின்னர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு.

பெயர் விவகாரம் தனிக் கதை. பட்டத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும், கடவுச்சீட்டில் முழுப் பெயர், பிறப்புப் பத்திரத்தில் தமிழ், திருமணத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் கணவன் பெயர். நாலும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். அந்தக் கடதாசியையும் மொழிபெயர்க்க வேண்டும். நற்சான்றுகளோ மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் செல்லாதவையாகக் கருதப்படலாம். கடைசிக் கடதாசி கைக்கு வரும்போது முதல் கடதாசியின் ஆயுள் முடிந்திருக்கும். பணிப்புரை அதிகாரிகளுக்குக் கெடு விதிக்கிறது: விண்ணப்பம் கிடைத்ததை ஒரு மாதத்தில் அறிவிக்க வேண்டும், கோவை பூரணமானதிலிருந்து மூன்று, நாலு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். 'பூரணமான' என்ற சொல்லில்தான் ஆண்டுகள் கழிகின்றன.

கடதாசியே இல்லாதவருக்கு ஒரு வழி 1997 லிஸ்பன் உடன்படிக்கையில் எழுதப்பட்டது. அதன் ஏழாம் பிரிவு, அகதிகளின் தகைமையை ஆவணம் இல்லாவிட்டாலும் நியாயமாக மதிப்பிட ஏற்பாடு செய்யுமாறு நாடுகளைக் கேட்கிறது. நோர்வே இதைக் காரியமாக எடுத்து நேர்காணல் முறையை உருவாக்கியது. அதன் வழியே ஐரோப்பிய சபையின் அகதிகளுக்கான தகைமைக் கடவுச்சீட்டு 2017இல் கிரேக்கத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. ஆனால் அந்தக் கடவுச்சீட்டு மேற்படிப்புக்கும் பொது வேலைக்கும் உதவும், மருத்துவப் பதிவைத் தராது. நோர்வேயே 2017 முதல் வெளியிலிருந்து வரும் சுகாதாரப் பணியாளரிடம் மொழித் தேர்ச்சி, தொழிற் பரீட்சை, மருந்துக் கையாளல் பாடம், நாட்டின் சுகாதாரச் சட்டம் பற்றிய பாடம் என வரிசையாகக் கேட்கிறது.

ஐரோப்பாவை மட்டும் குறை சொல்வதும் நேர்மையாகாது. ரஷ்யாவிலோ சீனாவிலோ பங்களாதேசிலோ படித்துவிட்டு வரும் வன்னிப் பிள்ளையை இலங்கை மருத்துவ சபை அப்படியே பதிந்துவிடுவதில்லை. அவரும் பதிவுப் பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும், முன்னர் அதற்கு 'அக்ட் 16' என்று பெயர். உள்நாட்டிலேயே மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிப் பட்டதாரிகளைப் பதிய மறுத்த சபை, 2018 செப்டெம்பரில் உயர்நீதிமன்றம் சொன்ன பிறகே பதிந்தது. தரம் காப்பதும் வேலி போடுவதும் எங்கும் ஒரே மேசையில்தான் நடக்கின்றன.

இதற்கிடையில் ஐரோப்பாவுக்கு ஆள் வேண்டும். 2023 நவம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு வெளியிட்ட பரிந்துரை, வெளிநாட்டவரின் தகைமையை விரைவாகவும் குறைந்த கடதாசியோடும் பார்க்கும்படி உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. பரிந்துரை என்றால் கட்டாயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஆட்சேர்ப்பு நெறிக்கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டு, ஆளணிப் பற்றாக்குறையால் பாதுகாக்க வேண்டிய நாடுகளின் பட்டியலையும் வெளியிடுகிறது. 2023 பட்டியலில் 55 நாடுகள். நேபாளமும் பங்களாதேசும் உண்டு, இலங்கை இல்லை. தேசிய சராசரி நன்றாக இருப்பதுதான் காரணம். சராசரி கொழும்பையும் கொக்கிளாயையும் சேர்த்து எடுக்கப்படுவது. 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் போகத் தொடங்கியபோது முல்லைத்தீவு போன்ற மாவட்டத்தில் ஒரு விசேட வைத்தியர் விலகினால் அந்தப் பிரிவே மூடப்படும் நிலை. நாயாற்றிலிருந்து நோயாளி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பப்படுவார்.

போனவருக்கு ஐரோப்பா முழுவதும் ஓரளவு திறக்கும் விதி ஒன்று பணிப்புரையின் மூன்றாம் உறுப்புரையில் இருக்கிறது. ஒரு உறுப்பு நாடு வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்றுப் பதிந்து, அந்த நாட்டிலேயே அந்தத் தொழிலை மூன்று ஆண்டு செய்து, அதை அந்த நாடு சான்றுப்படுத்தினால், மற்ற உறுப்பு நாடுகள் அந்தப் பட்டத்தை ஐரோப்பியத் தகைமையைப் போலவே ஆராய வேண்டும். அப்போதும் தன்னியக்க அங்கீகாரம் அல்ல, பொது முறையின் கீழான ஒப்பீடுதான். குறை இருந்தால் தகுதிப் பரீட்சையோ இசைவாக்கப் பயிற்சியோ கேட்கலாம். 'அந்தத் தொழிலை' என்பதற்கு நேர்ப் பொருள்தான். தாதி தாதியாகவும் மருத்துவமாது மருத்துவமாதாகவும் பதிவு பெற்று வேலை செய்திருக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகக் கழித்த இருபது வருடம் அந்த மூன்றில் ஒரு நாளாகக் கூடச் சேராது.